வறுத்த எண்ணெயும் வாட்டும் குளிரும்

குளிர் என்றால் நமக்கு என்ன தெரியும்? மார்கழி விடியலில் ஆலைச் சங்கு கேட்டு எழும்போது துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறோம். தேநீர்க் கடை வாசலில் கையைத் தேய்த்துக்கொள்கிறோம். வெயில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். வட அயர்லாந்திலே வாழும் தொழிலாளித் தோழனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐப்பசியில் பிடிக்கும் குளிர் பங்குனி வரை அவனை விடாது. வீட்டைச் சூடாக வைத்திருப்பது அங்கே வசதி அல்ல. அரிசி பருப்பு போல அன்றாடத் தேவை. சூடில்லாத வீட்டில் சுவர் ஈரம் கோத்துக் கறுக்கும். முதியவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும். குழந்தைகள் கம்பளிக்குள் சுருண்டபடி பாடம் படிக்கும்.

அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குச் சூடு தருவது எண்ணெய். நமக்குத் தெரிந்த மண்ணெண்ணெய்தான்! நாம் ரேஷன் கடையில் அடுப்புக்கும் விளக்குக்கும் வரிசையில் நின்று வாங்கினோமே, அதே இனம். வீட்டின் பின்புறம் ஒரு தொட்டி. அதிலிருந்து குழாய் வழியே கொதிகலனுக்கு எண்ணெய் போகும். கொதிகலன் காய்ச்சிய வெந்நீர் அறைக்கு அறை ஓடிச் சூடு தரும். தொட்டியை நிரப்ப 500 லிட்டர், 900 லிட்டர் என்று லாரிக்காரனிடம் வாங்க வேண்டும். அவ்வளவு பணத்தை ஒரே நாளில் எண்ணிவைக்க முடியாதவன் என்ன செய்வான்? பெட்ரோல் பங்கில் 20 லிட்டர் டின் விற்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றுகிறான். லிட்டர் கணக்குப் போட்டால், மொத்தமாக வாங்குகிற வசதிக்காரனைவிட அவனே அதிகம் கொடுக்கிறான். இல்லாதவனிடம் கூடுதலாகப் பிடுங்குவது நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு மட்டும் சொந்தமான வழக்கம் அல்ல போலும்!

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. மார்ச்சிலே அந்த எண்ணெயின் விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய இரட்டித்தது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் விலையைக் கவனிக்க அங்கே ஓர் அமைப்பு உண்டு. வீட்டுத் தொட்டி எண்ணெய்க்கு அப்படிக் கேட்பார் இல்லை. சந்தை வைத்ததே விலை.

எண்ணெய்க் கம்பெனியிடம் கைகட்டி நிற்காமல் வீட்டைச் சூடாக்க வழியே இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டது 2022-இல் மட்டும் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கேட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் அல்லர். மெக்கானிக், குழாய் வேலைக்காரன், லாரி ஓட்டி போன்றவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கண் மீன் வறுவல் கடையின் பின்வாசலில் விழுந்தது. மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து வறுத்துக் கறுத்துப்போன எண்ணெய் அங்கே பீப்பாயில் கிடந்தது. முன்பெல்லாம் அது கால்நடைத் தீவனத்துக்குப் போனது. 2004-இல் பிரிட்டனில் அதற்கும் தடை வந்தது. சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கடைக்காரரே கெஞ்சிய காலம் அது.

இந்த எண்ணெயை அப்படியே கொதிகலனில் ஊற்ற முடியாது. மண்ணெண்ணெய் தண்ணீர் போல ஓடும். சமையல் எண்ணெய் கெட்டியானது, நுண்ணிய துளை வழியே சீறி வராது. அதற்கு இரண்டு வழி கண்டார்கள்.

ஒன்று, எண்ணெயையே மாற்றுவது. வடிகட்டித் தண்ணீரை நீக்கிய 100 லிட்டர் எண்ணெயை 55 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். 20 லிட்டர் மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, அதை எண்ணெயோடு சேர்த்துக் கலக்குவார்கள். எண்ணெய் எவ்வளவு சிக்குப் பிடித்திருக்கிறது என்று சோதித்துப் பார்த்துத்தான் சோடாவின் அளவு. கூடினாலும் குறைந்தாலும் பீப்பாய் முழுக்கச் சோப்பாகிவிடும் அல்லது பாதி எண்ணெய் மாறாமலே நிற்கும். ஓர் இரவு விட்டால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பது பயோடீசல். அதைத் தண்ணீரால் கழுவி உலர்த்தி, மண்ணெண்ணெயோடு கலந்து எரிப்பார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் சூடு கொஞ்சம் குறைவு. பழைய ரப்பர் வளையங்களை இது தின்றுவிடும். கடுங்குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். அதாவது, எந்த நாளில் சூடு மிக வேண்டுமோ அந்த நாளிலேயே காலை வாரிவிடும்!

மற்றொரு வழி, எண்ணெயை விட்டுவிட்டு அடுப்பை மாற்றுவது. ராபர்ட் பாபிங்டன் என்ற அமெரிக்கர் கண்ட எரிகலன் இது. உள்ளே கூடான ஓர் உருண்டை; அதிலே ஊசிமுனை போன்ற ஒரு துளை. உருண்டையின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாக வழியும். உள்ளிருந்து அழுத்தக் காற்று துளை வழியே சீறி அந்தப் படலத்தைப் புகை போலத் தூவும். அந்தத் தூவலில் தீ பற்றும். எண்ணெய் துளைக்குள் நுழைவதே இல்லை, ஆகவே அடைப்பும் இல்லை. அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் இந்த உருண்டைக்கு எதை எடுத்தார்கள் தெரியுமா? பழைய பித்தளைக் கதவுக் குமிழை! அதில் நூலிழைத் துளை போட்டுக் கொட்டகையைச் சூடாக்கினார்கள். உழைப்பவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

இதெல்லாம் நேற்று முளைத்த விசித்திரமும் அல்ல. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

ஆனால் தோழர்களே, இதைக் கேட்டவுடன் யாரும் பீப்பாயைத் தேடி ஓடவேண்டாம். அந்த மெத்தனாலை நாம் அறிவோம். 2023-இல் மரக்காணத்திலும், 2024-இல் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் இருந்தது அதுதான். 65 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் கண் போகும். வீட்டுக் கொட்டகையில் இந்த இரண்டையும் கலக்குகிறவன், குளிருக்குப் பயந்து நெருப்போடு விளையாடுகிறான். அப்படி விளையாடத் தூண்டிய விலைவாசியைக் குற்றம் சொல்லாமல் அவனை மட்டும் முட்டாள் என்பது நியாயம் ஆகாது.

அதற்குமேல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 1,500 லிட்டர் எரிக்கும் வீடு என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 30 லிட்டர் கழிவெண்ணெய் தவறாமல் கிடைக்கவேண்டும். தெருவில் ஒருவன் செய்யலாம். தெருவே செய்ய நினைத்தால் வறுவல் கடை எத்தனை வேண்டும்? சாமர்த்தியசாலி ஒருவனின் வீடு சூடேறும். பக்கத்து வீட்டுக் கிழவி நடுங்கிக்கொண்டே இருப்பாள்.

அரசாங்கம் இதை எப்படிப் பார்த்தது? அதுதான் சுவையான பகுதி. 2002-இல் தென் வேல்ஸில் சிலர் சமையல் எண்ணெயைக் காரில் ஊற்றி ஓட்டினார்கள். எரிபொருள் வரி போயிற்றே என்று அதிகாரிகள் சாலையில் நின்று, போகிற வண்டிகளின் புகையை மோந்து பார்த்தார்கள். வறுவல் வாசனை வந்தால் ஆள் அகப்பட்டான்! பிறகு 2007-இல் மனம் இறங்கி, ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் செய்துகொள்பவனுக்கு வரி வேண்டாம் என்றார்கள். நல்ல காரியம், ஒப்புக்கொள்வோம்.

ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு கதவு திறந்தது. வண்டி எரிபொருளில் ஒரு பங்கு உயிரி எரிபொருளாக இருக்கவேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 2008-இல் ஆணை பிறந்தது. பின்னர், கழிவெண்ணெயில் செய்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு என்றும் சலுகை வந்தது. புகையைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. விளைவைப் பாருங்கள்! கேட்பாரற்றுக் கிடந்த பீப்பாய்க்கு விலை வந்தது; விலை வந்ததும் ஒப்பந்தக்காரன் வந்தான். இலவசமாக அள்ளிக்கொண்டு போன குழாய் வேலைக்காரனிடம், இனி இது கம்பெனிக்கு என்றார் கடைக்காரர். உள்நாட்டு எண்ணெய் போதாமல் சீனாவிலிருந்து கப்பலில் வந்திறங்குகிறது. அமெரிக்காவிலோ உணவகப் பின்வாசலில் கறுப்பு எண்ணெயைத் திருடும் கூட்டமே கிளம்பியது. 2012-இல் வட கரோலினா மாநிலம் அந்தத் திருட்டுக்கென்றே சட்டம் போட்டது.

நம் நாட்டிலும் 2018 முதல், பலமுறை வறுத்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டம் நடக்கிறது. பஜ்ஜிக் கடை எண்ணெய் மறுபடி ஏழை வயிற்றுக்குப் போகாமல் இருந்தால் அந்த மட்டில் நல்லது.

2023 நவம்பர் 28-ஆம் நாள் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பறந்தது. பெட்ரோலிய எரிபொருள் கலக்காமல், பெரும்பகுதி கழிவுக் கொழுப்பில் செய்த எரிபொருளிலேயே அட்லாண்டிக் கடலைத் தாண்டிற்று. 2025 முதல் பிரிட்டனில் விமான எரிபொருளிலும் இத்தகையது ஒரு பங்கு இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வறுவல் கடை எண்ணெய்க்கு இப்போது ஆகாயத்திலிருந்தும் கேட்பு வருகிறது. வட அயர்லாந்தில் பெட்ரோல் பங்க் வாசலில் 20 லிட்டர் டின் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.