இஞ்சின் இரைச்சலுக்கு இரண்டு வழிகள்



மின்சாரக் கம்பி வராத காலத்தில் நம் தோட்டங்களில் இஞ்சின் கொட்டகை ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாலையில் இஞ்சின் ஓடத் தொடங்கினால் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவில் அது நின்றால் தோட்டமே இருளில் மூழ்கும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அப்படிப்பட்ட கொட்டகையில் பல ஆண்டுகள் இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேரப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று "தாத்தா" என்று அழைத்தாலும் அவருக்குக் கேட்காது. "இஞ்சின் எப்பவோ நின்னுபோச்சு. ஆனா என் காதுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்பார் அவர்.

இரைச்சலில் கெட்ட காது மருந்தினால் திரும்பி வராது. ஆகவே இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் அறிவுடைமை. அதை எப்படிச் செய்வது என்பதை இன்று ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். உதாரணம் இங்கிலாந்து நாட்டுக் கால்வாய்ப் படகு. இவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். நம் தோட்டத்து இஞ்சின் கொட்டகையாவது லயத்திலிருந்து சற்று எட்டி இருந்தது. அந்தப் படகிலோ அடுப்பு, படுக்கை, இஞ்சின் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. அவ்வளவு நெருக்கமான இடத்திலேயே இரைச்சலை அடக்க முடியும் என்றால், வேறு எங்கும் முடியும் அல்லவா?

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சில வார்த்தைகள். 1761-ல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொண்டுசெல்வதற்காக வெட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் பெருகின. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்க 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டுகளைக் கட்டினார்கள். பல கால்வாய்களில் இந்த நீர்ப்பூட்டின் அகலம் ஏறக்குறைய 7 அடிதான். ஆகவே படகின் அகலமும் 7 அடிக்குள் அடங்கியது. நீளமோ 70 அடி வரை போகும். ஆரம்பத்தில் கரையில் நடந்த குதிரைகளே படகுகளை இழுத்தன. 1912-ஆம் ஆண்டு முதல் ஸ்வீடன் நாட்டு 'பொலிண்டர்' இஞ்சின்கள் இந்தப் படகுகளில் ஏறின. ஒரே சிலிண்டர் கொண்ட அந்த இஞ்சின் 'தொம், தொம்' என்று அடிப்பது வெகுதூரம் கேட்கும். இன்று சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கான படகுகள் உல்லாசப் பயணத்துக்கும் குடியிருப்புக்கும் பயன்படுகின்றன. மின்சார மோட்டார் பொருத்திய படகுகளும் சில உண்டு. டீசல் இஞ்சின் படகுகளே அதிகம்.

படகோட்டி பின்பக்கத்தில் நின்று சுக்கானைப் பிடிக்கிறார். பல படகுகளில் அவர் நிற்கும் பலகைக்கு நேர் கீழேயே இஞ்சின் இருக்கிறது. வேக வரம்போ மணிக்கு 4 மைல். அது நடைவேகந்தான். ஆகவே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகப் பல மணி நேரம் அவர் இஞ்சினுக்கு மேலேயே நிற்கவேண்டும்.

இதில் காது கெடுவது மட்டுமல்ல ஆபத்து. நீர்ப்பூட்டுக்குள் படகு நிற்கும்போது தண்ணீரை வடிய விடுவார்கள். மேல்வாசலுக்கு உட்புறம் தண்ணீருக்கடியில் ஒரு கல்படி உண்டு. படகின் பின்பகுதி அந்தப் படியில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் இறங்க இறங்க முன்பகுதி தாழ்ந்து படகு மூழ்கிவிடும். அந்த நேரத்தில் கரையில் இருப்பவர் "நிறுத்து!" என்று கத்துவது படகோட்டிக்குக் கேட்டாக வேண்டும். படகோட்டி கத்துவதும் கரையில் இருப்பவருக்குக் கேட்டாக வேண்டும். இரைச்சல் அந்தக் குரலை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, இரைச்சலை அடக்குவது எப்படி? அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணியடிக்கும் அலாரம் கடிகாரம் ஒன்றை ஒரு தகரத் தட்டின் மேல் வையுங்கள். மணி அடிக்கும்போது தட்டும் சேர்ந்து அலறும். இப்போது ஒரு துணியை நன்றாக மடித்துக் கடிகாரத்துக்கு அடியில் வையுங்கள். தட்டின் அலறல் நிற்கும். மணியோசை மட்டும் மிஞ்சும். அடுத்து, ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடுங்கள். ஓசை இன்னும் குறையும். டின்னுக்கு உள்ளே துணியால் அணைகட்டி மூடினால் மேலும் குறையும். கடைசியாக டின்னை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். அடைபட்ட ஓசை வெளியே பாய்ந்து வரும்.

இந்தச் சோதனையில் நாம் கற்பது என்ன? இரைச்சல் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, இயந்திரம் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களின் வழியே அதிர்வாகப் போவது. மற்றொன்று, காற்றின் வழியே ஓசையாகப் போவது. ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டு மற்றதைத் திறந்து வைத்தால், செலவழித்த பணம் வீண்தான்.

படகில் முதல் வழியை அடைப்பது இஞ்சினின் கால்களில் தொடங்குகிறது. இஞ்சினை நேராக இரும்புச் சட்டத்தில் முறுக்கினால் படகு முழுவதும் தகரத் தட்டைப் போல அதிரும். ஆகையால் பொதுவாக நான்கு ரப்பர் கால்களின் மேல் அதை உட்கார வைக்கிறார்கள். இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிச் செய்த கால்கள் அவை. அவற்றில் பல, நம் பால்மரத்து ரப்பரால் ஆனவை. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதிலும், இரும்போடு உறுதியாக ஒட்டுவதிலும், ஓயாத ஆட்டத்தைக் கிழியாமல் தாங்குவதிலும் இயற்கை ரப்பர் சிறந்தது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே, துன் அப்துல் ரசாக் பெயர் தாங்கிய மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்தின் மேல் 'ஆல்பனி கோர்ட்' என்ற அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தபோது, ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமலிருக்க 1966-ல் அதை ரப்பர் மெத்தைகளின் மேலேயே நிறுத்தினார்கள். விடியற்காலையில் நம்மவர்கள் சீவிய பால், எங்கோ ஒரு வீட்டாரின் தூக்கத்தைக் காக்கிறது!

ரப்பர் கால் மிகவும் கெட்டியாக இருந்தால் அதிர்வைத் தடுக்காது. மிகவும் மிருதுவாக இருந்தால் இஞ்சின் ஊஞ்சலாடும். இஞ்சினின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். ஆகவே குடைபோன்ற மூடி உள்ள கால்களைப் போடுவார்கள். பழைய கால்கள் இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

கால்களை மட்டும் கவனித்தால் போதாது. புகைக்குழாய், டீசல் குழாய், புரொபெல்லரைச் சுழற்றும் தண்டு ஆகிய எல்லாம் இஞ்சினையும் படகையும் இணைக்கின்றன. இவை ஒவ்வொன்றிலும் வளைந்து கொடுக்கும் ஒரு துண்டு இருக்கவேண்டும். தண்டு நேர்கோட்டில் இல்லாவிட்டால் அதுவே அதிரும். எங்கோ ஓர் இரும்புப் பட்டை இஞ்சினையும் படகையும் விறைப்பாகத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட அதிர்வு அந்த வழியே ஓடிவிடும்.

இரண்டாவது வழி காற்று. இங்கே முதலில் செய்யவேண்டியது சந்துகளை அடைப்பது. இஞ்சினுக்கு மேலே உள்ள பலகைகளின் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, அவை இறுக்கமாக உட்காரச் செய்கிறார்கள். மூடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதிப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் ஓசை குறையாது. டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அலகு. 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும்.

சந்து அடைபட்ட பிறகு கனம் வேண்டும். லேசான தகரத்தை ஓசை எளிதில் ஆட்டி வெளியேறும். கனமான தடுப்பை அவ்வாறு ஆட்ட இயலாது. முன்பு இதற்காக ஈயத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். இப்போது சதுர மீட்டருக்கு 5 கிலோ அல்லது 10 கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

அதன் பிறகே பஞ்சுபோன்ற ஃபோம். இது ஓசையைத் தடுப்பதில்லை. உள்ளே எதிரொலித்துச் சுற்றும் ஓசையை உறிஞ்சிக்கொள்கிறது. டின்னுக்குள் துணி அணைகட்டியதைப் போன்றது இது. பலர் ஃபோமை மட்டும் ஒட்டிவிட்டு "சத்தம் குறையவில்லையே" என்று கவலைப்படுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். கடையில் விற்கும் படகுப் பலகைகளில் கனமான விரிப்பும் ஃபோமும் ஒன்றாக இணைந்தே வருகின்றன. எண்ணெய் ஊறாதபடி மேலே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கைகள் மூன்று.

முதலாவது, தீ. பழைய மெத்தை ஃபோமும் முட்டை அட்டையும் எளிதில் பற்றிக்கொள்ளும். மெத்தை ஃபோம் எரிந்தால் நச்சுப் புகை வரும். தீயைத் தாங்கும் பொருளையே போடவேண்டும். அதையும் சூடான புகைக்குழாயில் படாமல் தள்ளி ஒட்டவேண்டும்.

இரண்டாவது, மூச்சு. இஞ்சினுக்குக் காற்று வேண்டும். இரைச்சலுக்குப் பயந்து அடியோடு மூடிவிட்டால் சூடேறிச் சக்தியை இழக்கும். ஆகவே காற்றுக்கு ஒரு வழி விடுகிறார்கள். அந்த வழியை வளைத்து, உள்ளே ஃபோம் ஒட்டிவிடுகிறார்கள். காற்று வளைவில் திரும்பிப் போய்விடும். ஓசையோ சுவரில் மோதி மோதி அடங்கிவிடும்.

மூன்றாவது, புகை. இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே இஞ்சின் அறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே ஓட்டை இருக்கக்கூடாது. 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் இந்த வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்று அங்கே படகுப் பாதுகாப்பு விதி வகுத்திருக்கிறார்கள்.

நேயர்களே, படகை விட்டு இனி நம் பக்கம் திரும்புவோம். செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள், ரப்பர் ஆலையில் வேலை செய்பவர்கள், முதுகில் இஞ்சினைச் சுமந்து புல் வெட்டுபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளின்படி, ஒரு நாள் வேலையில் காதுக்கு எட்டும் இரைச்சலின் எல்லை 85 டெசிபல். அந்த அளவில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடி 88 ஆனால் 4 மணி நேரம். 91 ஆனால் 2 மணி நேரந்தான். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும் என்று கொள்ளலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்ற ஓசை கேட்டால், அது காது தரும் எச்சரிக்கை.

அப்படிப்பட்ட இடத்தில், இயந்திரத்தின் ரப்பர் கால் வெடித்திருக்கிறதா, மூடி ஆடுகிறதா, சைலன்சர் ஓட்டையா என்று பார்க்கச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. காதுக் கவசம் கொடுத்தால், வியர்க்கிறது என்று கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரைச்சல் உள்ள நேரம் முழுவதும் போட்டிருங்கள். வீட்டில் உள்ள தாய்மாரும் பிள்ளைகளும் இதை நினைவூட்டுங்கள்.

பேரப் பிள்ளை "தாத்தா" என்று அழைப்பது, அழைத்த முதல் முறையே கேட்கவேண்டும்.