இடம் பெயர்ந்த தூண்கள்

தமிழில் ‘இல்’ என்பது ஒரு சிறு சொல். பெயராக நிற்கும்போது அது வீட்டைக் குறிக்கும். வேற்றுமை உருபாக நிற்கும்போது இடத்தைக் குறிக்கும். ‘பெட்டியில் பணம்’, ‘மாடத்தில் விளக்கு’ என்னும் தொடர்களில் பொருளையும் இடத்தையும் பிணைப்பது அவ்வுருபே. வீட்டின் உள்ளமைப்புக் கலைக்கும் இவ்வுறவே அடிப்படை. செல்வர் ஒருவர் தாம் தொகுத்த கலைப்பொருள்களை நகரத்து இல்லமொன்றில் அமைக்கும்போது இவ்வுறவு எவ்வாறு மாறுகிறது? இதனைத் தூண் என்னும் ஒரு பொருளைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தார்க்கு ஸ்ரீ மெனாந்திப் பழைய அரண்மனை புதிதன்று. 1902ஆம் ஆண்டு தொடங்கி 1908ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அம்மர மாளிகையில் 99 தூண்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றில் செதுக்கு வேலைப்பாடு உண்டு. ஆயினும் அவை வெறும் அணிகள் அல்ல. மாளிகையின் பாரத்தைச் சுமப்பவை. அழகும் பயனும் அங்கே பிரியாமல் நிற்கின்றன.

செட்டிநாட்டு வீடுகளிலும் அவ்வாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ஈட்டிய செல்வத்தைத் தம் ஊர்களில் பெருமனைகளாக எழுப்பினர். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களுக்கு அவர்கள் கடன் கொடுத்தனர். சில தோட்டங்களைத் தாமே உடைமையாகவும் கொண்டனர். எனவே அம்மனைகளின் சுவரிலும் தூணிலும் மலாயாத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் ஒரு பங்கு கலந்திருக்கிறது எனலாம்.

அம்மனைகளில் முகப்பிலிருந்து பின்வாயில் வரை பார்வை ஒரே நேர்கோட்டில் செல்லும். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் கூரையைத் தாங்கின. நடுவிலிருந்த முற்றம் வெளிச்சமும் காற்றும் மழைநீரும் தந்தது. சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து மெழுகிய சுவர்கள் பளிங்குபோல் வழவழப்பாயின. தரையில் ஆத்தங்குடியில் கையால் வார்த்த சிமெண்டுக் கற்கள் பதிக்கப்பட்டன. திருமணமும் கூட்டமும் நிகழும் நாளில் நூற்றுக்கணக்கானோர் அமர்வதற்கென்றே இவ்வளவும் திட்டமிடப்பட்டது.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவினுள் புகுந்தனர். போருக்குப் பின் அங்கு நிலங்களும் தொழில்களும் அரசுடைமையாயின. வருவாய் குன்றியது, வாரிசுகள் பெருகினர், பராமரிக்க இயலாத வீடுகள் சில இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளை அடைந்தன. அங்கிருந்து நகரத்துச் செல்வரின் கூடங்களுக்குச் சென்றன. சுமந்த கூரையை இழந்த தூண், இப்போது பார்ப்பதற்கு மட்டும் உரிய பொருளாயிற்று.

இத்தகைய தூணுக்கு மறுபடியும் ஓர் இடம் தர முடியுமா? முடியும் என்பதற்குக் கொழும்பில் ஒரு சான்று உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) முதலில் வழக்கறிஞர். 1957ஆம் ஆண்டிலேதான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். 1958ஆம் ஆண்டில், பகத்தலை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் அவர் குடிபுகுந்தார். பத்தாண்டுக் காலத்தில் மற்றவையும் அவர் வசமாயின. நான்கையும் இணைத்து அவர் உருவாக்கிய இல்லம் ‘பதினோராம் எண் வீடு’ என்று புகழ்பெற்றது.

நீண்ட வெண்ணிற நடைவழி ஒன்று வாயிலிலிருந்து உள்ளே அழைத்துச் செல்கிறது. ஆங்காங்கே வானம் பார்த்த சிறு முற்றங்கள் வழியே ஒளி இறங்குகிறது. செட்டிநாட்டிலிருந்து வந்த தூண்களும், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் வண்ணம் தீட்டிய கதவுகளும், ஏனா த சில்வாவின் பாத்திக் துணியும் அங்கு இடம்பெற்றன. சுவரும் தரையும் வெண்மையாக இருப்பதால் ஒவ்வொரு பொருளும் தனித்துத் தோன்றுகிறது. முற்றமும் ஒளியும் அருகிலிருப்பதால், தூண் தான் பிறந்த வளவின் சூழலை ஓரளவேனும் மீளப் பெறுகிறது. பொருளை வாங்கி அறையை நிரப்புவது அவர் நோக்கமன்று. பொருளுக்கேற்ப அறையை அமைத்ததே அவர் திறம்.

அடுக்குமாடி இல்லத்தில் முற்றத்துக்கு வழியில்லை. ஆயினும் நெறிகள் சில பொருந்தும். முதலாவது, இடைவெளி: பத்துப் பொருள்களை நெருக்கி வைத்தால் எதுவும் கண்ணில் தங்காது. இரண்டாவது, ஒளி: நேர்வெயில் துணியையும் தாளையும் நிறம் மங்கச் செய்யும், மங்கிய நிறம் மீளாது. மூன்றாவது, காற்று: குளிரூட்டியின் உலர்ந்த காற்றில் பழைய மரம் சுருங்கி வெடிக்கும். நான்காவது, பாரம்: கருங்கல் தூணைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். ஐந்தாவது, வரலாறு: எந்த ஊரில், எந்தப் பகுதியில், எதற்காக அது நின்றது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். இவ்வைந்தாவது நெறியே மிகுதியும் மறக்கப்படுகிறது. பிறந்த இடம் தெரியாத தூண், முகவரி கிழிந்த கடிதத்தை ஒக்கும்.

இது செல்வர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நீலாய், லாபு வட்டாரங்களில், 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்தை அடுத்து, தோட்டங்கள் பல குடியிருப்பு நகரங்களாயின. லயங்கள் இடிந்தபோது அம்மியும் ஆட்டுக்கல்லும் பால்வாளியும் உளிக்கத்தியும் மண்ணோடு மறைந்தன; சில பழையிரும்புக் கடைக்குச் சென்றன. எஞ்சியவற்றுள் சில இன்று உணவகங்களில் அலங்காரமாக நிற்கின்றன. எந்தத் தோட்டத்தில், யார் கையில் அவை இருந்தன என்பது அங்கே எழுதப்பட்டிருப்பது அரிது.

தமிழ் ஆசிரியர்க்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றின் பெயரையும் அளவையும் பயனையும், அது இருந்த தோட்டத்தின் பெயரையும், பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதட்டும். ஒரு வகுப்பில் முப்பது தாள்கள் சேரும். பொருள் வேறிடம் சென்றாலும், அத்தாள் இருக்கும்வரை அதன் ‘இல்’ அழியாது.