அலை இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு! முத்துநகர் கடல் சொல்லும் ஒலி, ஒளிக் கணக்கு

கடலுக்குப் போகும் மீனவர்களுக்காக, ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ மையம் அலை உயரத்தைக் கணித்துச் சொல்கிறது. ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கரையில் நிற்கும் நமக்குத் தோன்றலாம். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து நாட்டுப்படகில் போகிறவர்களுக்கு அது தெரியும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால், அது சுமந்து வரும் ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால், ஒன்பது மடங்கு!

ஏன் இப்படி? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு தூரம் இழுத்துவிட்டால், கீழே வரும்போது அதன் வேகமும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இப்படி ஊசலாடும் அளவைத்தான் பாடப்புத்தகம் ‘வீச்சு’ என்கிறது. ஒளிக்கும் ஒலிக்கும் இதே கணக்குதான்.

முத்துக்குளித்தவர்கள் பார்த்த வெளிச்சம்

1961-க்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆழத்துக்குப் போகப் போக, தண்ணீர் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒளி அலையின் வீச்சு பாதியாகும் ஆழத்தில், வெளிச்சம் கால் பங்குதான் மிஞ்சும். அதிலும் சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும்.

காற்றில் தூரம் கூடினாலும் ஒளி பரவி வலுவிழக்கும். அதனால்தான் கலங்கரை விளக்கத்தில், வெளிச்சம் நாலாபக்கமும் சிதறாமல் லென்ஸ் வைத்து ஒரே கற்றையாகத் திரட்டிக் கடல் பக்கம் அனுப்புகிறார்கள்.

காது சொல்லும் பொய்

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அலையின் வீச்சை இரண்டு மடங்காக்கினால், ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். டெசிபல் கணக்கில் இது 6 மட்டுமே கூடுதல். நம் காதுக்கோ சத்தம் இரண்டு மடங்கானதாகக்கூடத் தோன்றாது. அப்படித் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குள் ஆற்றல் 10 மடங்காகியிருக்கும். ‘கொஞ்சம்தானே கூட்டினோம்’ என்று நாம் நினைக்கும்போதே, உள்காதின் நுண்ணிய செல்கள் பல மடங்கு அடி வாங்குகின்றன. ஒருமுறை அழிந்தால் அவை மறுபடி வளராது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலைப் பாருங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்தே டெசிபல் கூடியதில், நேரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது!

நாம் என்ன செய்யலாம்?

* கோயில் கொடையோ, திருமண வீடோ... ஸ்பீக்கருக்கு 2 மீட்டரில் நிற்பவர், திறந்தவெளியில் 4 மீட்டருக்குத் தள்ளி நின்றால் காதுக்கு வரும் ஒலிச்செறிவு ஏறக்குறைய கால் பங்காகும். குழந்தைகளை முன்னால் நிறுத்தாதீர்கள்.

* இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை சொல்கின்றன, 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விழாக்களுக்கு அரசு தரும் தளர்வும் நள்ளிரவு வரைதான்.

* இயர்போனில் வால்யூமைக் குறைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். காதில் இரைச்சல் தொடர்ந்தால், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு மீட்டர் அலை என்றால் படகை இறக்கும் முன் யோசிக்கிறார்கள் மீனவர்கள். வால்யூம் பட்டனில் கை வைக்கும்போது நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.