ஸ்கோப் இல்லாத வின்செஸ்டர்... மான் வேட்டைக்கு எந்த 'சைட்' சரி?

பப்ஜி ஆடியவர்களுக்கு மிராமர் மேப்பில் கிடைக்கும் 'வின்94' நினைவிருக்கும். ஒரு முறை சுட்டதும், கைப்பிடிக்கு அடியில் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கௌபாய் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே 'லீவர் ஆக்‌ஷன்' ரைஃபிள்.

இது வெறும் சினிமா துப்பாக்கி இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் மாடல் 1894, இன்றைக்கும் அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறது. 1948-ல் வந்த மார்லின் 336-ம் அப்படித்தான். தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறும் துப்பாக்கிகள் இவை. கைக்கு வந்ததும் பல பேரன்களுக்கு வரும் முதல் சந்தேகம், "இதுல எப்படிக் குறிபார்க்கிறது?" என்பதுதான்.

ஒரு விஷயம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அமெரிக்காவில் மாநில அரசுகளே லைசென்ஸ் கொடுத்து, சீசன் குறித்து, ஒருவர் எத்தனை மான் சுடலாம் என்று வரம்பு வைத்து அனுமதிக்கின்றன. அதனால், இங்கே பேசப்போவது முழுக்க அந்த ஊர் சங்கதி.

அயர்ன் சைட் என்றால் என்ன?

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? குழலின் நுனியில் ஒரு சின்னக் குமிழ், கண்ணுக்குக் கிட்டே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவில் குமிழைக் கொண்டுவந்து, அதை பலூன் மீது வைத்துச் சுடுவீர்கள். அதுதான் அயர்ன் சைட். லென்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது. நுனியில் இருப்பது ஃப்ரன்ட் சைட், கண் பக்கம் இருப்பது ரியர் சைட்.

'ஸ்கோப் மாட்டிக்கலாமே?' என்று கேட்பீர்கள். மாட்டலாம்தான். ஆனால், பழைய வின்செஸ்டர் 94-ல் காலித் தோட்டா மேல் பக்கமாகத் தெறித்து வெளியே வரும். தலைக்கு மேல் ஸ்கோப் வைத்தால் வழியை மறிக்கும். 1980-களில்தான் அது பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி மாற்றினார்கள். மார்லினில் இந்தப் பிரச்னை இல்லை. இருந்தாலும், இந்தத் துப்பாக்கிகளின் அழகே நடுவில் ஒரு கையால் பிடித்து நாள் முழுக்கத் தூக்கி நடக்கலாம் என்பது. ஸ்கோப் உட்காருவதும் அதே இடத்துக்கு மேலேதான்.

பெரும்பாலும் இந்த வேட்டை நடப்பது அடர்ந்த காட்டில். மான் தெரிவது 40, 50 மீட்டரில். தெரியும் நேரமோ சில நொடிகள். அந்தத் தூரத்துக்கு அயர்ன் சைட் போதும். ஆனால், எந்த அயர்ன் சைட் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தோட்டா இடம் மாறிப் பட்டால் மான் உடனே சாகாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். நல்ல வேட்டைக்காரர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள்.

பிரச்னை உங்கள் கண்ணில்!

இப்போதே ஒரு சோதனை. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். தூரத்தில் ஒரு சுவர்க் காலண்டரைப் பாருங்கள். விரல் தெளிவாக இருந்தால் காலண்டர் மங்கும். காலண்டர் தெளிந்தால் விரல் மங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் துல்லியமாகப் பார்க்க நம் கண்ணால் முடியாது.

பள்ளம் வைத்த சைட்டில் மூன்று பொருள்கள்: பள்ளம், குமிழ், மான். மூன்றும் மூன்று தூரத்தில். இளைஞர்களின் கண் எப்படியோ சமாளிக்கும். 40 வயதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்கத் தொடங்கும். முதலில் காலியாவது அந்தப் பள்ளம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வு சுலபம்.

ரியர் சைட்: பள்ளமா, துளையா?

பக்ஹார்ன்: தொழிற்சாலையிலிருந்து வரும் லீவர் ரைஃபிள்களில் பரவலாகப் பார்ப்பது இதையோ, இதன் சிறிய வடிவமான 'செமி பக்ஹார்ன்' வகையையோதான். மான் கொம்பு போல இருபுறமும் வளைந்து நிற்கும். பார்க்க கெத்து! ஆனால், அந்த இரண்டு கொம்பும் மானின் உடம்பில் பாதியை மறைத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவசரத்தில் குமிழ் பள்ளத்துக்கு மேலே மிதக்கும், தோட்டா மானின் முதுகுக்கு மேலே போய்விடும்.

தட்டையான பள்ளம்: மேல் விளிம்பு நேர்க்கோடாக, நடுவில் மட்டும் சின்ன வெட்டு. எதையும் பெரிதாக மறைக்காது. பழைய தோற்றமும் மாற வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம் என்றால் இது நல்ல மாற்று.

பீப் சைட்: பள்ளத்துக்குப் பதில் ஒரு துளை. துப்பாக்கியின் உடல் பகுதியில், கண்ணுக்கு இன்னும் நெருக்கமாக உட்காரும். லைமன், வில்லியம்ஸ், ஸ்கின்னர் எல்லாம் இதில் பேர் போன கம்பெனிகள். துளையை நீங்கள் 'பார்க்க' வேண்டியதில்லை, அதன் வழியாகப் பார்த்தால் போதும். குமிழைத் துளையின் நடுவுக்குக் கொண்டுவரும் வேலையைக் கண்ணே செய்துவிடும். ஆக, கவனிக்க வேண்டியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைகின்றன.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, விரலை மடக்கிச் சின்னத் துளை செய்து அதன் வழியே எழுத்தைப் பாருங்கள். கொஞ்சம் தெளிவாகத் தெரியும். பீப் சைட் செய்வதும் இதே வேலைதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பின்னால் இருப்பதும் துளை வகைதான். ஆனால், போட்டிக்கான துளை ரொம்பச் சின்னது. காட்டுக்கு அது ஆகாது.

மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். சின்னத் துளையில் வெளிச்சம் குறைவாக வரும், மான் இருட்டுக்குள் கரைந்துவிடும். பல பீப் சைட்களில் உள்ளே இருக்கும் சின்ன வில்லையைத் திருகிக் கழற்றிவிடலாம். பெரிய துளை, மெல்லிய விளிம்பு. பார்க்கும்போது விளிம்பு ஆவி மாதிரி மங்கிவிடுவதால் இதற்கு 'கோஸ்ட் ரிங்' என்று பெயர். குறி பழக சின்னத் துளை, வேட்டைக்குப் பெரிய துளை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாங் சைட்: கைப்பிடியின் மேல் மடங்கி நிமிரும் பழைய பாணி. துல்லியமானது. ஆனால், கட்டைவிரல் வைக்கும் இடத்தில் இடிக்கும். .45-70 மாதிரி பலமாக உதைக்கும் தோட்டாவில், கண்ணுக்கு அவ்வளவு கிட்டே இரும்பு இருப்பது நல்லதல்ல.

ஃப்ரன்ட் சைட்: ஒரு சின்னக் கணக்கு

பலர் ரியர் சைட்டுக்குப் பணம் செலவழித்துவிட்டு முன்குமிழை மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கும்.

கண்ணிலிருந்து குமிழ் 80 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குமிழின் அகலம் 1.6 மி.மீ. இது 100 மீட்டரில் 20 செ.மீ. அகலத்தை மறைக்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் குறி வட்டமும் ஏறக்குறைய அதே 20 செ.மீ.தான்! 2.4 மி.மீ. குமிழ் என்றால் 30 செ.மீ. மறையும். குறியைவிடக் குமிழ் பெரிசு. பெரிய குமிழ் கிட்டத்தில் சட்டென்று கண்ணில் படும். தூரத்தில் மானையே மூடிவிடும். எனவே, 50 மீட்டருக்குள் சுடுபவர் பெரிய குமிழ் வைக்கலாம், 100 மீட்டர் வரை போகிறவருக்குச் சின்னதுதான் சரி. குமிழின் உச்சியில் தோட்டா படுவதுபோல அமைத்துக்கொண்டால், குறி மறையாது.

நிறம்? கறுப்புக் குமிழ் நிழல் விழுந்த காட்டில் காணாமல் போகும். பித்தளை அல்லது வெள்ளை குமிழ் எடுப்பாகத் தெரியும். ஃபைபர் ஆப்டிக் பளிச்சென்று ஒளிரும், ஆனால் அடிபட்டால் உடையலாம். உருண்டையான குமிழில் இன்னொரு வில்லங்கம்: இடப்பக்கம் வெயில் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் மின்னும். அந்த மினுக்கலையே கண் நடுவென்று நினைத்துக்கொள்ளும், தோட்டா வலப்பக்கம் விலகும். முகம் தட்டையான குமிழில் இந்தத் தொல்லை குறைவு.

மாட்டியதும் வேலை முடிந்ததா?

இல்லை. பீப் சைட் பெரும்பாலும் பழைய பள்ளத்தைவிட உயரமாக உட்காரும். அதற்கு ஈடாக உயரமான முன்குமிழும் தேவைப்படலாம். வாங்கும்போதே சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

சரிசெய்யும் விதி இதுதான்: தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ, ரியர் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்குமிழை என்றால் எதிர்ப்பக்கம். இரண்டு சைட்களுக்கும் இடையே 40 செ.மீ. இருந்து, 100 மீட்டரில் தோட்டா 10 செ.மீ. தாழ்ந்து பட்டால், ரியர் சைட்டை 0.4 மி.மீ. உயர்த்தினால் போதும். அரை மில்லிமீட்டர்கூட இல்லை! சைட் லூஸாக இருந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே புரியும்.

பொருத்தம் பார்க்க ஒரு வழி. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்ததும் குமிழ் துளைக்குள் இருந்தால் அது உங்களுக்கான சைட். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால், வேறு உயரம் பாருங்கள்.

தூரத்தை முடிவு செய்வது யார்?

இந்த ரைஃபிள்களின் ஆஸ்தானத் தோட்டாவான .30-30, 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 200 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். எந்த சைட்டும் அதை மாற்றாது. அதனால், அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலர் செய்யும் பேப்பர் பிளேட் சோதனைதான் கடைசி வார்த்தை. 20 செ.மீ. அகல பிளேட்டை வைத்து, மேஜையில் ஊன்றாமல் நின்றும் உட்கார்ந்தும் ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் பிளேட்டில் பட்டால் இன்னும் தள்ளி வைக்கலாம். ஒன்று தவறினாலும் பழைய தூரம்தான் எல்லை.

அது 60 மீட்டர் என்று வந்தால், 61-வது மீட்டரில் எவ்வளவு பெரிய கொம்பன் மான் நின்றாலும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். சைட் தேர்வு செய்வதன் அர்த்தமே அதுதான்: எங்கே வரை சுடலாம், எங்கே சுடக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே கோடு போட்டுக்கொள்வது.