சங்கத்தின் மின்னஞ்சல் ஏன் வந்து சேரவில்லை?

சென்ற ஆண்டு சித்தூரில் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். அன்றிரவே சங்கத்தின் வலைச்செயலி மூலம் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். திருப்பதியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். இருந்தும் பல குடும்பங்கள் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. விசாரித்தால், கடிதம் அவர்களுடைய 'ஸ்பேம்' பெட்டியில் கிடந்தது. காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு என்னிடம் வந்தது. அறிந்துகொண்டதை மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பயன்படுமென்று எழுதுகிறேன்.

வலைச்செயலி கடிதத்தை ஓர் அஞ்சல் சர்வரிடம் ஒப்படைக்கிறது. அதற்கான விதிமுறை 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. அமைப்புப் பக்கத்தில் சர்வரின் பெயர், போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல், அனுப்புநர் முகவரி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். போர்ட் 587க்கு 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.', 465க்கு 'டி.எல்.எஸ்.' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காது. ஜிமெயில் சர்வர் வழியாக அனுப்புவோர் வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதில், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிப் பெறும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை இட வேண்டும்.

இவையெல்லாம் நம்மிடம் சரியாகவே இருந்தன. பிழை அனுப்புநர் முகவரியில்! செயலாளரின் சொந்த ஜிமெயில் முகவரியை அங்கே இட்டிருந்தோம். கடிதமோ வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து புறப்பட்டது. பெறும் சர்வருக்கு அது போலிக் கடிதமாகத் தோன்றியது. எனவே சங்கத்தின் டொமைன் பெயரிலேயே ஒரு முகவரி உண்டாக்கினோம். செயலாளரின் முகவரியைப் பதில் முகவரிக்கான கட்டத்தில் இட்டோம்.

அத்துடன் டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் மூன்று பதிவுகள் சேர்த்தோம். எஸ்.பி.எஃப். என்பது நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல். இப்பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். டி.கே.ஐ.எம். என்பது ரயில்வேயில் சரக்கு வேகனுக்கு வைக்கும் சீல் போன்றது. வழியில் கடிதத்தை யாரேனும் மாற்றினால் தெரிந்துவிடும். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புவோர் எவராயினும் முதல் இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது.

அமைத்தபின் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, மூலக் கடிதத்தைக் காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்றிருக்க வேண்டும்.

ஆனாலும் துக்கச் செய்தியை மின்னஞ்சலை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். தொலைபேசியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.