எரிந்த மோட்டாரை உடனே பிரிக்காதீங்க... இன்ஷூரன்ஸ் பணம் அதற்குள்தான் இருக்கு!

போன கரன்ட் திரும்பி வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம். கூடவே கருகல் வாடை. அபார்ட்மென்ட் மோட்டார் காலி! உடனே காயில் கட்டுபவருக்கு போன் போகும். அவர் எரிந்த காயிலை வெட்டியெடுத்து, செம்பை எடைக்குப் போட்டு, இரண்டொரு நாளில் புதிதாகச் சுற்றித் தந்துவிடுவார். எல்லோர் வீட்டிலும் தண்ணீர் வந்த பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வரும். "நம்ம அசோசியேஷன்ல இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமே, கேட்டுப் பார்க்கலாமா?"

தாராளமாகக் கேட்கலாம். ஆனால், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர் எதுவானாலும் சரி, 'எவ்வளவு நஷ்டம்' என்பது இரண்டாவது கேள்விதான். 'எதனால் கெட்டது' என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் சாட்சி, அந்த எரிந்த காயில்.

கருகலிலும் கதை இருக்கு!

இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார். மூன்று ஃபேஸ் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், ஓவர்லோடு என்று சந்தேகிப்பார். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி, ஒன்று மட்டும் புதுசு போலப் பளபளத்தால், ஒரு ஃபேஸ் வராத நிலையிலேயே மோட்டார் ஓடியிருக்கிறது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உருகியிருந்தால், வோல்டேஜ் எகிறியதா என்று விசாரிப்பார். பேரிங் தேய்ந்து, உள்ளே உரசிய தடம் தெரிந்தால்தான் சிக்கல். தேய்மானத்துக்கு எந்த பாலிசியும் பணம் தராது.

டிரான்ஸ்ஃபார்மர் என்றால், அதன் ஆயிலை லேபுக்கு அனுப்புவார்கள். நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி அதற்கு இது! ஆயிலில் அசிட்டிலீன் வாயு அதிகமாகக் கரைந்திருந்தால், உள்ளே மின்பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம்.

பலரும் படிக்காத அந்த ஒரு வரி

நம் ஊரில் பல கட்டடங்களுக்கு இருப்பது தீ விபத்து பாலிசி மட்டும்தான். அதில் புயல், வெள்ளமும் அடங்கும். ஆனால், ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்டேஜ், தானாகச் சூடாவது போன்ற காரணங்களால் கெட்டுப்போகும் மின் கருவிக்கு அதில் பணம் கிடையாது. அந்த ஷார்ட் சர்க்யூட் மின்னலால் வந்திருந்தாலும் கிடையாது! மோட்டாரில் ஷார்ட் ஆகி, தீப்பிடித்து, பக்கத்திலிருக்கும் பேனல் போர்டும் எரிந்தால் போர்டுக்குப் பணம் வரும், மோட்டாருக்கு வராது. மோட்டாருக்கும் வேண்டுமென்றால் 'மெஷினரி பிரேக்டவுன்' பாலிசியைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய ஜெனரேட்டருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஈரத்தோடு ஓடி ஷார்ட் ஆகிவிட்டால், கெடுத்தது வெள்ளமா, ஷார்ட் சர்க்யூட்டா என்ற கேள்வி வந்துவிடும்.

பாதித் தொகைக்கு எடுத்தால் பாதிதான்!

இன்றைக்குப் புதிதாக வாங்கினால் 8 லட்சம் ரூபாய் ஆகும் ஜெனரேட்டரை, பிரீமியத்தைக் குறைக்க 4 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருக்கிறீர்கள். ரிப்பேர் செலவு 2 லட்சம். 'அதான் 4 லட்சத்துக்குள்ள இருக்கே' என்று தோன்றும். மெஷினரி பாலிசியில் கணக்கு அப்படி இல்லை. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால், நஷ்டத்திலும் பாதி, அதாவது 1 லட்சம். அதிலும் பாலிசியில் சொன்ன 'எக்ஸஸ்' தொகையும், பழைய செம்பு, இரும்பின் மதிப்பும் கழியும்.

'தண்ணி இல்லாம எப்படிங்க இருக்கிறது?'

நியாயமான கேள்விதான். சர்வேயர் வரும் வரை லாரித் தண்ணீரோ வாடகை மோட்டாரோ வைத்துச் சமாளிக்கப் பாருங்கள். முடியவே முடியாது என்றால், நிறுவனத்துக்கு இ-மெயிலில் தெரிவித்து, அனுமதி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியட்டும். எரிந்த காயிலை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். எடைக்குப் போட அவசரம் வேண்டாம். வோல்டேஜ் பிரச்னை என்றால் அன்றைக்கே மின்னகத்தில் (94987 94987) புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு பில்களையும் தேடி எடுத்து வையுங்கள். ஒழுங்காக சர்வீஸ் செய்த மோட்டார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

கைவிரித்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 'கெட்டது தேய்மானத்தால்' என்று அதில் இருந்தால், காயில் கட்டியவரிடமோ வேறொரு இன்ஜினீயரிடமோ எழுத்தில் கருத்து வாங்கி, மறுபரிசீலனை கேட்கலாம்.

தனிநபர் பாலிசி என்றால், நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அசோசியேஷன் பெயரில் பாலிசி இருந்தால், நுகர்வோர் ஆணையம்தான் வழி. அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம். எங்கே போனாலும், அந்தச் சாக்கு மூட்டையை மட்டும் வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.