தேர்தல் துண்டுப்பிரசுரத்தைப் பிள்ளைகள் வாசிப்பது எப்படி?

தேர்தல் காலம் வந்துவிட்டால், முகாம் என்றும் மீள்குடியேற்றக் கிராமம் என்றும் பாராமல் துண்டுப்பிரசுரங்கள் எமது வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் பவுசர் பிந்தினாலும் அவை பிந்துவதில்லை. அவற்றை அடுப்பு மூட்டவும் கொப்பிக்கு உறை போடவும் பயன்படுத்துகிறோம். ஆனால் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களும் வாக்காளர்கள். யாருக்கு வாக்களிப்பது என்று அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியரோ வீட்டிலுள்ள பெரியவரோ முதலில் செய்ய வேண்டியது, பிரசுரத்திலுள்ள பெயரையும் சின்னத்தையும் படத்தையும் ஒரு கடதாசித் துண்டால் மறைப்பதாகும். ஒரே வாங்கில் இருக்கும் இரு பிள்ளைகளின் தகப்பன்மார் இரு கட்சிகளுக்கு வேலை செய்பவராக இருக்கலாம். சின்னத்தைக் கண்டவுடன் வாசிப்பு நின்றுவிடும்; வாக்குவாதம் தொடங்கிவிடும். மறைத்துவிட்டால் வசனங்கள் மட்டுமே மிஞ்சும்.

பின்னர் ஒவ்வொரு வசனத்தையும் தரம் பிரிக்கச் சொல்லலாம். நடந்ததைக் கூறும் வசனம் எது? செய்வேன் என்று கூறும் வசனம் எது? மனதைக் கிளறுவதற்காக மட்டும் எழுதப்பட்ட வசனம் எது? முதலாவதை விசாரித்து அறியலாம். இரண்டாவதை நாள் குறித்து அளக்கலாம். மூன்றாவது வகையில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை: மானம், துரோகம், விடிவு, மண்ணின் மைந்தன் என்பன போன்ற சொற்கள். எம்மிடம் வரும் பிரசுரங்களில் இந்த மூன்றாம் வகையே அதிகம். காணியையும் உறவுகளையும் இழந்தவர்களுக்குக் கோபம் கொள்ள உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லும் வசனம் பக்கத்தில் இருக்கிறதா என்று பிள்ளை தேடிப் பார்க்க வேண்டும்.

வாக்குறுதிகளை வாசிக்கக் கமக்காரருக்கு நன்கு தெரிந்த பசளையையே உதாரணமாக எடுப்போம். 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச, நெற்செய்கையாளருக்கு 50 கிலோ பசளை மூடையை 350 ரூபாவுக்குத் தருவதாக வாக்களித்தார். பொருளும் விலையும் பெறுபவரும் அதில் தெளிவாக இருந்தன. வென்றபின் அந்த விலை நடைமுறைக்கும் வந்தது. (யூரியா பாதுகாப்புக் காரணம் காட்டித் தடுக்கப்பட்ட யுத்த காலத்தில், அந்த மலிவுப் பசளை வன்னி வயல்களுக்கு எவ்வளவு வந்தது என்பதை வன்னிக் கமக்காரரைத்தான் கேட்க வேண்டும். 'யாருக்கு' என்ற கேள்வியுடன் 'எங்கே' என்ற கேள்வியும் சேர வேண்டும்.)

2019 ஜனாதிபதித் தேர்தலுக்கான கோட்டாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனம் நெற்செய்கையாளருக்குப் பசளையை இலவசமாகத் தருவதாகக் கூறியது. பத்து ஆண்டுகளில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறும் என்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைப்பதும் அதே விஞ்ஞாபனத்தில்தான் இருந்தது. இந்த மூன்றையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "அரசாங்கத்தின் செலவு கூடுகிறதா, குறைகிறதா? வரவு கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டுக் கணக்கே போதும். தனித்தனியாக வாசிக்கையில் இனிக்கும் வாக்குறுதிகள் சேர்த்து வாசிக்கையில் ஒன்றோடொன்று மோதுவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். வரி 2019 டிசம்பரிலேயே குறைக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. விஞ்ஞாபனம் சொன்ன பத்து ஆண்டுகள் இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம் என்பது பலரது கருத்து. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பெரும்போக விளைச்சல் பெரிதும் விழுந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என நாடு அறிவித்தது. ஆகவே, 'எப்போது', 'எந்தப் பணத்தில்' என்ற இரு கேள்விகளையும் பிள்ளை விடாமல் கேட்கப் பழக வேண்டும்.

ஒரே வாக்குறுதி எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதுமில்லை. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, பட்டணத்தில் பாணுக்கும் துணிக்கும் வரிசை நின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலோ கல்வீடுகள் எழுந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது வரிசைகள் மறைந்தன. செத்தல் மிளகாயின் விலையும் விழுந்தது. "சாமான் மலியும்" என்று ஒரு பிரசுரம் சொன்னால், நாம் வாங்கும் சாமானா, விற்கும் சாமானா என்று கேட்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை.

அடுத்தது அதிகாரம் பற்றியது. இடம்பெயர்ந்த குடும்பங்களிடம், "உங்கள் காணியை மீட்டுத் தருவேன்" என்று பிரதேச சபை வேட்பாளரும் சொல்லக்கூடும். பிரதேச சபையின் கையில் இருப்பவை கிராம வீதி, சந்தை, வடிகால், தெருவிளக்கு, நூலகம் முதலியன. படையினர் வசமுள்ள காணியை விடுவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் அதற்காகப் பேசலாம், கேள்வி எழுப்பலாம், வழக்குக்கு உதவலாம். 'குரல் கொடுப்பேன்' என்பதற்கும் 'மீட்டுத் தருவேன்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகள் அளக்க வேண்டும். தமிழ்ப் பாடத்தில் வினைச்சொல் படிப்பதன் பயன் இதுவும்தான்.

பிரசுரத்தை வெளியிட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி, வட மாகாண சபைத் தேர்தல் நாளன்று காலையில், 'உதயன்' பத்திரிகையைப் போலவே அச்சிட்ட போலிப் பதிப்பொன்று யாழ்ப்பாணத்தில் பரவியது. கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரச தரப்பில் சேர்ந்துவிட்டார் என்றது அது. செய்தி பொய். ஆயினும் வாக்களிப்பு நாளின் காலையில் வரும் பொய்க்கு மறுப்பு எழுத யாருக்கு நேரம் உண்டு? அவர் யாழ் மாவட்டத்தில் இரண்டாவது அதிகூடிய விருப்பு வாக்குகளைப் பெற்று வென்றார் என்பது வேறு விடயம். கடைசி நாளில் வரும் பரபரப்பான செய்தியை, அது கைத்தொலைபேசியில் வந்தாலும், இன்னொரு இடத்தில் கேட்டறியும்வரை பிறருக்கு அனுப்பாமல் வைத்திருக்கப் பழக்குங்கள்.

செலவழித்தவர் யார் என்பதும் ஒரு கேள்வி. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, வேட்பாளர் தாம் பெற்ற நன்கொடையையும் செய்த செலவையும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வீட்டில் எத்தனை வாக்குகள் என்று எண்ணி, அதை 109ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேட்பாளர் தம் வீட்டுக்கென எவ்வளவு செலவிடலாம் என்பது தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாசித்து முடித்த பிரசுரங்களை எறிய வேண்டாம். திகதி எழுதி, வகுப்புக் கொப்பி ஒன்றில் ஒட்டி வையுங்கள். மறைத்த கடதாசித் துண்டை இப்போது எடுத்துவிடலாம். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே ஒரு வெறும் கட்டம் கீறி, அடுத்த பெரும்போக அறுவடை முடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டே அதை நிரப்புவியுங்கள்.